'ரன்னிங் கண்டிஷன்' வால்வு ரேடியோ: காசு கொடுக்கும் முன் பின்பலகையைக் கழற்றுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், பீங்கான் ஜாடிக்கும் எனாமல் அடுக்குக்கும் நடுவே ஒரு வால்வு ரேடியோவாவது உட்கார்ந்திருக்கும்: ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய, உள்ளே சூடேறும் கண்ணாடிக் குழாய்களால் (வால்வு) ஓடும் ரேடியோ. பிலிப்ஸ், மர்பி, புஷ், ஜி.இ.சி., நேஷனல் எக்கோ என்று பெயர்தான் மாறும். விற்பவர்கள் பொதுவாகச் சொல்வது இரண்டே விஷயம்: 'அந்தக் காலத்து மாடல்', 'ரன்னிங் கண்டிஷன்'. முதலாவது பார்த்தாலே தெரிகிறது. இரண்டாவதற்குத்தான் கூடுதல் காசு கேட்கிறார்கள். அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம். சொல்லப்போனால், அறுபது வருஷத்துக் கண்டன்சரோடு (மின்தேக்கி) கடையில் தினம் நாலு பேருக்குப் பாடிக் காட்டப்படும் செட்டைவிட, பரணில் தூசியோடு கிடந்து யாரும் ப்ளக்கே சொருகாத செட் எவ்வளவோ மேல்.

இங்கே மதிப்பிடுவது 1950-களின் நடுவிலிருந்து 1960-களின் பாதி வரை வீடுகளுக்கு வந்த, மேஜைமேல் வைக்கும் நாலு அல்லது ஐந்து வால்வு செட்களை. நம்மூரில் அதிகம் சிக்குவதும் இவைதான், உதிரி கிடைப்பதும் இவற்றுக்குத்தான்.

முதலில் அடையாளம். முன்பக்கம் பார்த்து மாடல் சொல்ல முயலாதீர்கள். குமிழ், சின்னம், ஸ்பீக்கர் துணி எல்லாம் ஒரு செட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும். பின்பலகையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பிலிப்ஸ் என்றால் எண்ணின் கடைசி எழுத்தே பாதி ஜாதகம்: ஏ என்றால் ஏ.சி. மட்டும், உள்ளே மெயின்ஸ் ட்ரான்ஸ்பார்மர் உண்டு. யு என்றால் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுவது, ட்ரான்ஸ்பார்மர் கிடையாது. பி என்றால் பேட்டரி செட்.

பின்பலகையே இல்லையா? வால்வுகளின் பெயரே போதும். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வைச் சூடாக்கும் இழையைச் சொல்லும்: ஈ என்றால் 6.3 வோல்ட், யு என்றால் 100 மில்லி ஆம்பியர் சீரீஸ் இணைப்பு, டி என்றால் 1.4 வோல்ட் பேட்டரி. அடுத்த எழுத்துகள் வேலையைச் சொல்லும்: சி ட்ரையோடு (மூன்று மின்முனை), எஃப் பென்டோடு (ஐந்து மின்முனை), எல் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட், எம் ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைப் பச்சை ஒளியால் காட்டும் மேஜிக் ஐ, ஒய் ஏ.சி.யை டி.சி.யாக்கும் அரை அலை ரெக்டிஃபையர், இசட் முழு அலை ரெக்டிஃபையர். எண் அடிப்பாகத்தைச் சொல்லும். 30-களில் இருந்தால் ஆக்டல், 40-களில் இருந்தால் 1940-களின் கடைசியில் வந்த ரிம்லாக், 80-களில் இருந்தால் அதற்கடுத்து வந்த ஒன்பது பின் நோவல், 90-களில் இருந்தால் ஏழு பின். ஆக, சேஸிஸில் (வால்வுகள் நிற்கும் உலோகத் தட்டு) வரிசையாக ஈ.சி.எச். 81, ஈ.பி.எஃப். 89, ஈ.சி.எல். 82, ஈ.இசட். 80 என்று நின்றால் அது ஐம்பதுகள், அறுபதுகளின் ஏ.சி. செட். யு.சி.எச். 42, யு.எல். 41 என்றால் ஒரு தலைமுறை முந்தையது. நடுவே பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரையோடு ஒரு வால்வு இருந்தால் 'ஒரிஜினல் இல்லை' என்று விலை பேச வேண்டாம். அது நல்ல வால்வு. ஆனால் வால்வின் கண்ணாடியைத் துணி போட்டுத் துடைத்துவிடாதீர்கள். எழுத்து தூசியோடு வந்துவிடும், அப்புறம் அது எந்த வால்வு என்று ஊகிக்க வேண்டியதுதான்.

பின்பலகையைத் திறக்கவே விடாத கடையில் வாங்காதீர்கள். திறந்தால் சில செட்களில் சேஸிஸே இருக்காது, பட்டையான ஒரு எஃப்.எம்., ப்ளூடூத் கிட் மட்டும் ஒட்டியிருக்கும். அது ரேடியோ இல்லை, ரேடியோ தோல் போர்த்திய ஸ்பீக்கர்.

ஏ, யு, பி என்ற மூன்று வகையில் எதை வாங்கலாம்?

ஏ வகைதான் வாங்க வேண்டியது. மெயின்ஸ் கரண்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ட்ரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஆகவே சேஸிஸில் நேரடி மெயின்ஸ் இருக்காது. வால்வுகள் பேரலலில் இருப்பதால் ஒன்றைப் பிடுங்கிச் சோதிக்கலாம். பின்னால் ரெக்கார்ட் பிளேயருக்கான பிக்கப் சாக்கெட் இருந்தால் போனைச் சொருகிப் பாட்டும் கேட்கலாம்.

யு வகை மலிவு, எடை குறைவு, சத்தமும் நன்றாகவே இருக்கும். ஆனால் மெயின்ஸின் ஒரு வயர் நேராகச் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும். ரெண்டு பின் ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைக்கூட மெழுகால் மூடி அனுப்பினார்கள் என்றால் காரணம் இதுதான். ஒரு குமிழ் உடைந்து உலோகத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இந்த செட் வீட்டில் குழந்தை இருக்கும் இடத்துக்கு ஆகாது. இந்த வகையில் போன் இணைப்பு என்ற பேச்சே கூடாது. போனின் வயர், சார்ஜர், கை எல்லாம் மெயின்ஸில் சேர்ந்துவிடும்.

பி வகை, மின்சாரம் எட்டாத ஊர்களில் 90 வோல்ட் ட்ரை பேட்டரி பேக்கில் ஓடியது. அந்த பேக் இப்போது கடையில் கிடையாது. அலமாரிக்கு அழகு, அவ்வளவே. தெரியாமல் மெயின்ஸில் மாட்டினால் நாலு வால்வும் ஒரே நொடியில் போகும்.

யு வகையில் இன்னொரு வலை உண்டு. வால்வுகளின் ஹீட்டர்கள் 230 வோல்ட்டில் ஒரே சங்கிலியாகத் தொடரில் நிற்கின்றன. யு.சி.எச். 81-க்கு 19 வோல்ட், யு.பி.எஃப். 89-க்கு 19, யு.சி.எல். 82-க்கு 50, ரெக்டிஃபையர் யு.ஒய். 85-க்கு 38. கூட்டினால் 126. மீதி 104 வோல்ட்டை ஏறத்தாழ 1,040 ஓம் டிராப்பர் ரெசிஸ்டன்ஸ் விழுங்கி 10 வாட் சூடாகக் கக்கும். யு.ஒய். 85 போய்விட்டால் சில மெக்கானிக்குகள் அதன் இடத்தில் ஒரு சிலிக்கான் டையோடை வைத்து, ஹீட்டர் பின்களை ஒரு வயரால் ஷார்ட் செய்துவிடுவார்கள். செட் பாடும். ஆனால் 38 வோல்ட் குறைந்த சங்கிலியில் மிச்ச மூன்று வால்வுக்கும் பதினைந்து இருபது சதவீதம் கூடுதல் கரண்ட் போய், கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். டையோடு வைத்தால் ஹீட்டர் இடத்தில் 390 ஓம், 10 வாட் ரெசிஸ்டன்ஸ் வைத்தே ஆகவேண்டும். யு.ஒய். சாக்கெட் காலியாக இருந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

சரி, 'ரன்னிங் கண்டிஷன்' ஏன் ஆபத்து?

ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வான ஈ.சி.எல். 82-இன் உள்ளே ஒரு ட்ரையோடும் ஒரு பென்டோடும் இருக்கின்றன. ட்ரையோடின் ப்ளேட்டிலிருந்து (சிக்னல் வெளிவரும் முனை) பென்டோடின் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே போகும் முனை) சத்தத்தை மட்டும் கடத்தி, டி.சி.யைத் தடுத்து நிறுத்த நடுவே ஒரு பேப்பர் கண்டன்சர் உண்டு. 0.01 அல்லது 0.022 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) இருக்கும். மெழுகு அல்லது கறுப்புத் தார் பூசிய உருளை. காகிதம் நம் கடலோரக் காற்றில் இத்தனை வருஷம் ஈரம் குடித்திருக்கிறது, ஆகவே கசியும். ஒரு வோல்ட் கசிந்தாலே கிரிட் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்து வால்வு அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் அத்தனையும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் தலைமுடி போன்ற கம்பி வழியே போகிறது. கடையில் ரெண்டு நிமிஷம் பாடும்போது ஒன்றும் தெரியாது. கண்டன்சர் சூடேறச் சூடேறத்தான் கசிவு கூடும். பத்து நிமிஷத்தில் குரல் கரகரக்கும், அரை மணியில் ட்ரான்ஸ்பார்மரில் கை வைக்க முடியாது, ஒரு நாள் சட்டென்று மௌனம். கண்டன்சர் சில ரூபாய்ப் பொருள். அது கொண்டுபோவது செட்டிலேயே கிடைக்க அரிதான மூன்று பொருளில் ஒன்றை.

மற்ற இரண்டு: மெயின்ஸ் ட்ரான்ஸ்பார்மர், டயல் கண்ணாடி. விலை பேசும்போது இந்த மூன்றையும் பார்த்துப் பேசுங்கள். வால்வு போயிருந்தால் கவலை இல்லை, தேடினால் கிடைக்கும். ஒன்று மட்டும் விதிவிலக்கு, மேஜிக் ஐ. ஈ.எம். 80, ஈ.எம். 84 பச்சை ஒளி மங்கியிருந்தால் நல்லது கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம்.

டயல் கண்ணாடியைக் கிட்டத்தில் பாருங்கள். மீட்டர் எண்களும் ஊர்ப் பெயர்களும் கண்ணாடியின் பின்பக்கம் பெயின்ட்டால் அச்சிட்டவை. டார்ச்சைப் பின்னால் பிடித்தால் எங்கே உரிகிறது என்று தெரியும். எழுத்து செதிலாக நிமிர்ந்து நின்றால் அதைத் தொடவே கூடாது. தண்ணீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் நீல நிற ஸ்ப்ரே எதுவுமே வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். 'க்ளீன் பண்ணித் தர்றோம்' என்று சொல்லும் கடையில் 'அப்படியே கொடுங்க' என்று சொல்லிவிடுங்கள். மரப்பெட்டிக்கும் அதே பதில்தான். கண்ணாடி மாதிரி மின்னும் மெலமைன் பூச்சு அடித்த பெட்டி, அடியில் கரையான் தின்ற வெனீரை மறைக்கவும் உதவும்.

கரண்ட் கொடுக்காமலே கடையில் ஒரு மல்டிமீட்டரால் முக்கால்வாசி தெரிந்துகொள்ளலாம். செட்டின் சுவிட்சைப் போட்டு, ப்ளக்கின் ரெண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். சில பத்து ஓம் காட்டினால் ஏ.சி. செட், ட்ரான்ஸ்பார்மர் பிரைமரி நலம். ஆயிரத்துக்குச் சற்று மேல் காட்டினால் யு செட், ஹீட்டர் சங்கிலி அறுபடவில்லை. எதுவுமே காட்டாவிட்டால் வயர், சுவிட்ச், ஃப்யூஸில் ஆரம்பித்துத் தேட வேண்டும். ஈ.சி.எல். 82-இன் 6-ஆம் பின்னுக்கும் எச்.டி. லைனுக்கும் (வால்வுகளுக்குப் போகும் உயர் டி.சி. வோல்டேஜ்) நடுவே சில நூறு ஓம் இருந்தால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் பிழைத்திருக்கிறது. ஈ.எல். 84 என்றால் 7-ஆம் பின். அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் கம்பி அறுந்த செட்டைப் போட்டுப் பார்க்கவே கூடாது. ப்ளேட்டுக்குப் போக வேண்டிய கரண்டை ஸ்க்ரீன் கிரிட் ஏற்றுக்கொண்டு சிவந்து எரியும். கடைசியாக ஸ்பீக்கர். கூம்பை நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் நகர்ந்திருக்கிறது. காகிதம் கிழிந்திருந்தால் பயமில்லை, டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் போதும்.

வீட்டுக்கு வந்ததும் ப்ளக் சொருகும் ஆசையை அடக்குங்கள். முதல் வேலை போட்டோ. சேஸிஸ் மேலே, கீழே, முக்கியமாக டயல் கயிறு எந்தச் சக்கரத்தை எப்படிச் சுற்றுகிறது என்று. அறுந்த பிறகு அந்த வழியைக் கண்டுபிடிப்பது தலைவலி. புதுக்கயிறு பின்னலாக இருக்க வேண்டும். மீன்பிடி நரம்பு ட்யூனிங் தண்டில் வழுக்கும். தண்டில் ரெண்டரைச் சுற்று, முனையில் ஸ்ப்ரிங், அவ்வளவுதான்.

அடுத்தது கண்டன்சர்கள். பேப்பர் கண்டன்சர் அத்தனையும் மாற்ற வேண்டும், சோதித்துப் பார்த்து நேரம் கழிக்க வேண்டாம். 630 வோல்ட் பாலியெஸ்டர் சென்னை ரிட்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். சின்ன செட்டில் பத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். ஒவ்வொன்றாக, பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து, பிறகே அடுத்தது. மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு வரைபடம் தேடுகிறவர்கள்தான் பாதி செட்களை மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். மைக்கா, செராமிக் கண்டன்சர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மாற்றினால் ட்யூனிங் நகரும். மூன்று இடத்தில் மட்டும் சாதாரண பாலியெஸ்டர் போதாது. அவுட்புட் ப்ளேட்டில் இருக்கும் 0.0047 எம்.எஃப்.டி.க்கு 1,000 வோல்ட்டுக்குக் குறையாதது வையுங்கள். மெயின்ஸ் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ்2 முத்திரை உள்ளது. யு செட்டில் ஏரியல் (ஆன்டெனா), எர்த் சாக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருப்பதற்கு ஒய் வகை. இந்தக் கடைசி ஒன்றில் மிச்சம் பிடித்தால் ஏரியல் கம்பியே மெயின்ஸ் ஆகிவிடும்.

டி.சி.யைச் சமப்படுத்தும் ஃபில்டர் எலெக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் டப்பாவை அழகுக்காக மேலே விட்டுவிட்டு, அடியில் வயரைக் கழற்றி, 47 எம்.எஃப்.டி., 450 வோல்ட் ரெண்டு வையுங்கள். பழையதைக் கழற்றாமல் பக்கத்திலேயே புதியதை ஒட்டவைப்பது நம்மூர்ப் பழக்கம். கசியும் டப்பா கசிந்துகொண்டேதான் இருக்கும். ஹம் என்ற உறுமல் குறையட்டும் என்று 100, 220 என்று ஏற்றவும் வேண்டாம். ரெக்டிஃபையர் ஈ.இசட். 80 தாங்குவது 50 எம்.எஃப்.டி. வரைதான். அதற்கு மேல் ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் ரெக்டிஃபையரின் கேத்தோடு அடிவாங்கும். ரெசிஸ்டன்ஸ்களை அளந்து, எழுதியதைவிட இருபது சதவீதம் ஏறியவற்றை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலும் 220 கே-க்கு (கிலோ ஓம்) மேற்பட்டவைதான் ஏறியிருக்கும். ரப்பர் வயர் விரல் பட்டால் உதிர்கிறதென்றால் அந்த செட்டுக்கு ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

இப்போது கரண்ட். வோல்டேஜ் செலக்டர் 110-லோ 127-லோ நிற்கவில்லையே என்று பார்த்து, 240 அல்லது 245 இருந்தால் அதில் வையுங்கள். இன்றைய லைன் வோல்டேஜுக்கு 220 டேப் சூடு. பிறகு சீரீஸ் லாம்ப்: மெயின்ஸ் வயரில் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். செட்டைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். அணைத்துவிட்டு ரெக்டிஃபையரைப் பிடுங்கி மறுபடி பாருங்கள். அப்போதும் எரிந்தால் பெரும்பாலும் மெயின்ஸ் ட்ரான்ஸ்பார்மர் பக்கம்தான் கோளாறு.

பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்ததும் அளக்க வேண்டியவை நாலு. ஹீட்டரில் 6.3 வோல்ட், 6.9-ஐத் தாண்டக்கூடாது. எச்.டி.யில் 200 முதல் 230. ஈ.சி.எல். 82-இன் 2-ஆம் பின், அதாவது பென்டோடு கேத்தோடில், அங்கே 390 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் 16 வோல்ட் சுற்றுவட்டாரம். 3-ஆம் பின்னான கிரிட்டில் பூஜ்யம். கிரிட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ் தெரிந்தால், ஏ.சி. செட் என்றால் வால்வைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப அளக்க ஆசை வரும். ஆனால் இந்த வால்வுக்குள்ளேயே ட்ரையோடும் இருப்பதால், அதைப் பிடுங்கினால் ட்ரையோடு ப்ளேட்டில் வோல்டேஜ் எகிறும். அளவு சற்று மிகைப்படும் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். வால்வு இல்லாமலும் வோல்டேஜ் நின்றால் கசிவு கண்டன்சரிலோ சாக்கெட் அழுக்கிலோ. போய்விட்டால் கோளாறு வால்வுக்குள்தான். யு செட்டில் ஒரு வால்வைப் பிடுங்கினால் மொத்தச் சங்கிலியும் அணைந்துவிடும், இந்தச் சோதனை அங்கே செல்லாது.

பேண்ட் சுவிட்சுக்குக் கான்டாக்ட் க்ளீனரைப் பஞ்சில் நனைத்துத் தடவுங்கள். டப்பாவிலிருந்து நேராகப் பீய்ச்சினால் பழுப்பு வேஃபர் தட்டு உறிஞ்சிக்கொண்டு புதுக் கசிவைத் தரும். பியானோ கீ வைத்த செட்களில் வெள்ளை பிளாஸ்டிக் சட்டம் மொறுமொறுவென்று இருக்கும். கிரீஸ் இறுகிய கீயை நெம்பினால் கையோடு வரும்.

ஐ.எஃப்.டி.யை (ட்யூன் செய்த காயில்கள் உள்ள சின்ன உலோக டப்பா) கடைசி வரை திருகாதீர்கள். சத்தம் குறைவாக வருகிறது என்றதும் ஸ்க்ரூ டிரைவரோடு அதில் பாய்வது பழைய மெக்கானிக் வியாதி. ஃபெரைட் கோர் ஒட்டிக்கொண்டிருக்கும், உடைந்தால் திருகவும் முடியாது எடுக்கவும் முடியாது. மேலே சொன்னதெல்லாம் சரியான பிறகும் தேவைப்பட்டால், பிலிப்ஸுக்குப் பெரும்பாலும் 452 கிலோஹெர்ட்ஸ், மற்றவற்றுக்கு அவரவர் எண். அப்புறம் மீடியம் வேவில் 600 கிலோஹெர்ட்ஸுக்குக் கோர், 1,500-க்கு ட்ரிம்மர், முதலில் ஆசிலேட்டர் பிறகு ஏரியல், ரெண்டு மூன்று முறை மாற்றி மாற்றி. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாதவர்கள் டயல் முள்ளைச் சரிபார்க்கத் தெரிந்த நிலையத்தையே வைத்துக்கொள்ளலாம்: சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936.

பேக்கலைட் பெட்டிக்குப் பித்தளை பாலிஷை மென்துணியில் தொட்டுத் தேய்த்து, மேலே மெழுகு. மரத்துக்கு அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்ச் பாலிஷ் பொருந்தும்.

இவ்வளவும் செய்த ஏ.சி. செட்டின் சத்தம் பற்றி: ஈ.சி.எல். 82 செட் மூன்று வாட்டை ஒட்டித் தரும், ஒரு ஹாலுக்குத் தாராளம். பேச்சும் நாதஸ்வரமும் கேட்க இதற்கு ஈடு இல்லை. மரப்பெட்டி செட்டில் தவிலின் தொப்பிப் பக்கம் கேட்கும், பேக்கலைட்டில் வலந்தலை மட்டும். ரிசப்ஷன்தான் இன்றைய குறை. செட் மேல் பழி போடாதீர்கள், எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் மீடியம் வேவ் முழுக்க இரைச்சலைக் கொட்டுகின்றன. மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து மீட்டர் கம்பி, தனி எர்த், ராத்திரி நேரம், இவை மூன்றும் சேர்ந்தால் டயல் உயிர் பெறும். ஷார்ட் வேவில் இலங்கை வானொலிக் காலத்து நெரிசலை எதிர்பார்க்க வேண்டாம். போனைப் பிக்கப் சாக்கெட்டில் கொடுக்க, இடது வலது ரெண்டுக்கும் ஆளுக்கு 1 கே ரெசிஸ்டன்ஸ் போட்டு ஒன்றாக்கிக் கொடுங்கள். வெறுமனே முறுக்கிச் சேர்த்தால் போனின் ஆம்ப்ளிஃபையர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

முதல் வாரம் பின்பலகையை மூடாமல், ஆள் இருக்கும்போது மட்டும் தினம் ரெண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அணைத்து, வயரைப் பிடுங்கிய பிறகு மெயின்ஸ் ட்ரான்ஸ்பார்மர்மேல் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிந்தால் பின்பலகையை மாட்டிவிடலாம்.